வெளித்தாழ்ப்பாள்

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் வண்டி திரும்பிப் போன பிறகு, ஜெரூஷா கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். ஒரு முருங்கை மரம், துணி துவைக்கும் கல், மூலையில் பாசி பிடித்த செங்கல் அடுக்கு. அந்த அடுக்கின் மேல் ஒரு கதவு சாய்ந்து நின்றது. சுவர் இல்லை, நிலை இல்லை, கதவு மட்டும்.

"பின்னாடி ஒரு ரூம் இருந்துச்சு. போன வருஷ மழையில விழுந்துடுச்சு," என்றான் சாலமோன். "கல்லு, கதவு எல்லாத்தையும் பெரியப்பா எடுத்து வச்சிருக்காரு. எங்க வீட்டு ஆளுங்களுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது."

வீடு அவன் பெரியப்பா ஏசுபாதத்துடையது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மழைக்குப் பிறகு சேலையூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வாடகை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருந்தார்.

ஜெரூஷா அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள். மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே தாழ்ப்பாள் இல்லை. முன்பு இருந்ததற்கான ஆணித் துளைகூட இல்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலை உயரத்தில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் தலை சாய்த்து உட்கார்ந்தால் சுவரில் படியுமே, அந்தக் கறை.

அவள் குனிந்து முகர்ந்தாள். ஏன் முகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிக்கடித்த தேங்காய் எண்ணெய் வாசனை. எட்டு மாத வெயிலிலும் அது போகவில்லை.

போன வருஷம் அவளுக்குப் பிறந்த குழந்தை அழவில்லை. அதன் பிறகு அவளும் நிறைய நாள் பேசவில்லை. குளிக்க மறந்தாள். ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்தாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளைச் சுற்றித் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா சாலமோனிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாரு. சரியாகலேன்னா எனக்குத் தெரிஞ்ச ஒரு இல்லம் இருக்கு. பத்திரமாப் பார்த்துப்பாங்க."

பத்திரம். அந்தக் குடும்பத்தில் அந்தச் சொல்லை எல்லோரும் மிகுந்த அன்போடு சொல்வார்கள்.

கோழி வளர்க்கும் யோசனை அவளுடையதுதான். ஏதாவது ஓர் உயிரைச் சாகவிடாமல் வளர்த்துக் காட்டிவிட்டால், சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு நின்றுவிடும் என்று நம்பினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. முட்டைக்கு என்றாள்.

"பறவைக் காய்ச்சல்னு ஊரே கோழியைக் கண்டு ஓடுது. நீ வளர்க்கப் போறியா?" என்று சாலமோன் சிரித்தான். ஆனால் அன்று மாலையே கிராப் தாளை விரித்து உட்கார்ந்துவிட்டான். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. எதைப் பார்த்தாலும் ஓட்டை எங்கே என்றுதான் கண் போகும்.

"கோழி வலை வேணாம். கீரி பல்லாலேயே கிழிச்சிடும். கால் இஞ்ச் வெல்டு மெஷ் போட்டா விரல்கூட நுழையாது." பென்சில் தாளில் ஓடியது. "சுத்திப் பள்ளம் எடுத்து, மெஷ்ஷை மண்ணுக்குள்ள இறக்கி, வெளிப்பக்கமா மடிச்சு விட்டுடணும். பெருச்சாளி எங்க தோண்டினாலும் கம்பிதான் தட்டும். தரையைத் தூக்கிக் கட்டிட்டா தண்ணியும் ஏறாது."

"உள்ள நின்னு பெருக்குற ஒசரம் வேணுங்க. குனிஞ்சு குனிஞ்சு என்னால முடியாது."

"சரிங்க மேடம். ஆள் ஒசரம்."

அந்த ஒரு மாலையில் அவன் அவளை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. தாளின் மேல் இரண்டு தலைகளும் குனிந்திருந்தன. முட்டையிட ஒரு பெட்டி, அதில் வைக்கோல். மேலே சிமெண்ட் ஷீட், அதற்குக் கீழே காற்றுப் போக மெஷ் அடித்த இடைவெளி. இரவில் ஏறி உட்கார நீளவாக்கில் ஒரு கட்டை, விளிம்பு மழுங்கியது, கோழிக் கால் பிடிப்பதற்குத் தோதாக.

வெல்டிங் கடை தனசிங் சட்டங்களைக் கொண்டுவந்து பொருத்தினார். அடித்தளத்துக்கு அந்த அறையின் செங்கல்லே போதுமானதாக இருந்தது. கதவையும் மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு அப்படியே மாட்டினார்கள்.

"தாழ்ப்பாளை மாத்திடலாமா சார்? ரொம்பப் பழசு."

"வேணாங்க. நல்ல இரும்பு. இப்ப இந்த மாதிரி எங்க கிடைக்குது?" என்றான் சாலமோன்.

தனசிங் அதை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் போட்டதுபோல் சத்தமில்லாமல் ஓடி, கடைசியில் டக்கென்று விழுந்தது.

"மழையில கெடந்ததுன்னு சொல்றீங்க, துருவே இல்லையே," என்றார். "தினம் யாரோ போட்டு எடுத்த மாதிரி வழுவழுன்னு இருக்கு."

ஐந்து நாட்டுக்கோழிகள் வந்தன. பொழுது சாயும்போது அவை தாமாகவே உள்ளே போய்க் கட்டையில் ஏறிக்கொள்ளும். டார்ச் அடித்தால் மிரளும் என்பதால் ஜெரூஷா இருட்டிலேயே உள்ளே போய், ஒவ்வொன்றின் முதுகையும் தடவி எண்ணுவாள். இறகுக்கு அடியில் சூடு. தொண்டைக்குள் ஒரு சின்ன முனகல். மருத்துவமனையில் அவள் கையில் கொடுத்தபோது குழந்தை குளிர்ந்திருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் இந்தச் சூட்டை எண்ணி முடித்த பிறகுதான் அவளால் அடுப்படிக்குப் போக முடிந்தது.

ஒன்றுதான் புரியவில்லை. நீளமான கட்டை முழுவதும் இடம் கிடக்க, ஐந்தும் ஒரே மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்காரும். கதவை ஒட்டிய பக்கத்தை விட்டுவிடும். யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வதைப் போல.

"புது இடம்ல, பழகிடும்," என்றான் சாலமோன்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். தூறல் விட்டிருந்தது. அவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. நினைப்பு வேறெங்கோ இருந்தது. கை மட்டும் கட்டையின் மேல் நகர்ந்துகொண்டே போயிற்று.

ஆறு.

சூடு இல்லை.

இறகும் இல்லை.

நனைந்த முடி. அதற்கு அடியில் மண்டையோட்டின் வளைவு.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் வாசனை. அலறல் தொண்டைவரை வந்தது. அலறினால் சாலமோன் ஓடி வருவான். என்ன என்று கேட்பான். அவள் சொல்வதை அவன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். அந்தப் பொறுமையை நினைத்ததும் அலறல் தானாக உள்ளே போய்விட்டது. பின்வாங்கியபடியே வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட பிறகுதான் தோன்றியது, அது உள்ளே இருக்கிறது, தான்தான் அதை அடைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று.

காலையில் ஐந்து கோழிகள்தான் இருந்தன. முட்டைப் பெட்டியில் முட்டை இல்லை. வைக்கோல் குழியின் நடுவே நரைமுடிச் சுருள் ஒன்று கிடந்தது. தலை வாரியபின் சீப்பில் சிக்கியதை விரலில் சுற்றிச் சுருட்டிப் போடுவோமே, அப்படி. ஜெரூஷாவின் தலையில் ஒரு நரைகூட இல்லை.

நீலாங்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து அந்தத் தெருவில் மீன் விற்கும் பச்சையம்மா, அன்னக்கூடையைக் கொல்லையில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கூட்டைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, கோயிக்கு மச்சு வூடு கட்டிகீற? இதுல பாதி எடத்துலதான் எம்புருசன் காலை மடக்கிக்கினு தூங்குறான்!" என்று சிரித்தாள். அருகே வந்து கதவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இது அந்த ரூமு கதவாச்சே."

"எந்த ரூம்க்கா?"

"உனுக்குச் சொல்லலியா? பெரிய சாரு தங்கச்சி, தபீதாளம்மா. கொயந்த செத்துப் பொறந்துச்சு, அதுல புத்தி பெசகிடுச்சாம். புருசங்காரன் கொண்டாந்து வுட்டுட்டுப் பூட்டான். இதுக்குள்ளதான் போட்டு வச்சிருந்தாங்க. எத்தினி வருசம்!" அவள் குரல் இறங்கியது. "சன்னல்ல கைய நீட்டும். சோறு கேக்காது, ஒண்ணும் கேக்காது. தல வாரி வுடுறியான்னு கேக்கும். மீன் கைய வச்சிக்கினு நான் எப்டிம்மா வாரி வுடுறது? நாளிக்கி நாளிக்கின்னு சொல்லிக்கினே போயிட்டேன்."

"இப்ப எங்க அவங்க?"

"மழைலதான் செத்துப் பூட்டாங்க. தண்ணி ஏறுனப்ப வூட்ல அல்லாரும் மொட்ட மாடிக்குப் போயிட்டாங்க..." பச்சையம்மா தாழ்ப்பாளைப் பார்த்தாள். "சங்கரா நல்லாகீது. எடுத்துக்கோ."

அன்று சாயங்காலம் ஜெரூஷா அதைச் சாலமோனிடம் கேட்டாள். அவன் வெகு நேரம் ஷூவின் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் வேணும்னு செய்யல ஜெரூ. அந்த அவசரத்துல... அவங்கவங்க பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஏறினாங்க."

"அவங்களுக்கும் குழந்தை போனதுக்கு அப்புறந்தானா?"

"அவங்க வேற, நீ வேற," என்றான். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான்.

"அந்தக் கதவை மாத்திடுங்க."

"கதவு என்ன பண்ணுச்சு?"

சொன்னால் கிறிஸ்மஸ் முன்னாலேயே வந்துவிடும்.

முதலில் கறுப்புக் கோழி செத்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. கதவுக்கு நேர் எதிர் மூலையில், அலகைக் கம்பிக்குள் திணித்தபடி விறைத்துக் கிடந்தது. சாலமோன் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பள்ளத்து மண்ணைக் கிளறிப் பார்த்தான். ஒரு கம்பிகூட விலகவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு மூன்றாவது. எல்லாம் அதே மூலையில்.

"உள்ள எதுவும் வரவே முடியாது," என்றான். கட்டியவனின் பெருமையும் பயமும் அந்தக் குரலில் கலந்திருந்தன. பிறகு அவள் பக்கம் திரும்பினான். "ஜெரூ, ராத்திரி நீ எழுந்து வர்றியா?"

அவள் காத்திருந்த கேள்விதான்.

பூட்டு வேண்டும் என்று கேட்டவள் அவளேதான். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாயங்காலம் கோழிகளை எண்ணிவிட்டு அவள் தாழ்ப்பாளில் அமுக்கிப் பூட்டுவாள். சாவி அவனிடம் மட்டும் இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து காலையில் அவன் திறக்கட்டும். அதற்குப் பிறகும் கோழி செத்தால் அது தன் கை இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், தொழிற்சாலை பஸ்ஸுக்கு அவன் கிளம்பிப் போன பிறகு, அவள் கொல்லைக்குப் போனாள். பூட்டு திறந்தபடி வளையத்தில் தொங்கியது. மிச்சமிருந்த இரண்டு கோழிகளும் கட்டையில் ஒட்டிக்கொண்டு நடுங்கின. கதவை ஒட்டிய பக்கம் பார்க்காமல் கையை நீட்டி எண்ணினாள். ஒன்று. இரண்டு. கையை உடனே மடக்கிக்கொண்டாள்.

பின்னால் கதவு மெல்ல வந்து பொருந்தியது.

தாழ்ப்பாள் ஓடுவது கேட்கவில்லை. அது ஓடும்போது கேட்காது.

டக்.

பிறகு, பூட்டு அமுங்கும் ஓசை.

கொல்லையில் யாரும் இல்லை. முருங்கை மரத்தடியில் மழைக்கோடுகள் மட்டும். அவள் கதவைத் தள்ளினாள், குலுக்கினாள், கூப்பிட்டாள். சிமெண்ட் ஷீட்டின் மேல் விழுந்த மழை அவள் குரலை அப்படியே தின்றது. கம்பிக்குள் விரலை நுழைக்கப் பார்த்தாள். சுண்டு விரலின் நகம்கூடப் போகவில்லை. எவ்வளவு யோசித்துக் கட்டிய கூடு. தன் யோசனையும் இதில் இருக்கிறது, ஆள் நிற்கும் உயரம்.

இருட்டியது. கொல்லையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கூட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

கட்டையின் அந்தக் கோடியில் மரம் லேசாகக் கிறீச்சிட்டது. எடை இறங்குகிற ஓசை. ஈரத் துணி தரையில் இழுபடும் ஓசை. எண்ணெய் வாசனை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"தலை வாரி விடுறியா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ரொம்ப நாளாக எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு, கிடைக்காது என்று தெரிந்தே கேட்கிற குரல்.

"சீப்பு இல்லையே," என்றாள் ஜெரூஷா.

விடிந்து வந்த சாலமோன் முதலில் பூட்டைப் பார்த்தான். பூட்டியிருந்தது. பிறகு உள்ளே அவளைப் பார்த்தான். கதவில் தலையைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த எண்ணெய்க் கறையின் மேல் அவள் தலை அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. இரண்டு கோழிகளும் மூலையில் செத்துக் கிடந்தன.

"உள்ள இருந்து நீயே கையை விட்டு..." என்று தொடங்கினான். சாவிக்கொத்து அவன் கையில் இருந்தது. தன் விரலைக் கம்பிமேல் வைத்தான். அழுத்தினான். நுழையவில்லை.

அதன் பிறகு காய்ச்சல். ஊரெங்கும் சிக்குன்குனியா இருந்த சமயம். மூட்டுகளெல்லாம் பிடித்துக்கொண்டன. தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. சாலமோன்தான் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினான். வாராத தலைமுடி சடைபிடித்து முதுகில் கிடந்தது. பெரியப்பா வந்து அறை வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்.

"இல்லத்துக்கு இப்ப வேணாம். காய்ச்சக்காரியைச் சேர்த்துக்க மாட்டாங்க. அதுவரைக்கும் இங்கேயே பத்திரமா இருக்கட்டும்," என்று வெளியே சொல்வது கேட்டது.

சாலமோன் கூட்டைப் பிரித்தான். கம்பியைச் சுருட்டும் ஓசையைப் படுக்கையிலிருந்தே கேட்டாள். கதவைக் கோடரியால் பிளந்து விறகுக்குக் கொடுத்தான். ஒவ்வொரு வெட்டு விழும்போதும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. போகட்டும். எல்லாம் போகட்டும்.

சாயங்காலம் அவளுடைய அறைக் கதவில், வெளிப்பக்கத்தில், திருகாணி முறுக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல ஜெரூ. நைட் ஷிப்ட்ல நான் இல்லாதப்ப நீ மழையில எழுந்து போயிடக் கூடாதுல்ல." திருகாணி இறுகியது. "புதுசு வாங்கலாம்னுதான் நினைச்சேன். இது நல்ல இரும்பு, எதுக்குத் தூக்கிப் போடணும்?"

"வேணாங்க. அது வேணாம். வேற எதுனா போடுங்க, அது மட்டும்..."

அது சத்தமில்லாமல் ஓடியது.

டக்.

அறை இருண்டது. முதலில் எதுவும் இல்லை. பிறகு சிக்கடித்த எண்ணெய் வாசனை மெல்லப் பரவியது. கட்டிலின் கால்மாட்டில் மெத்தை அமிழ்ந்தது.

மேசைமேல் அவளுடைய சீப்பு இருந்தது.

காலையில் சாலமோன் காபியோடு கதவைத் திறந்தான். ஒரு காலை உள்ளே வைத்தவன் அப்படியே நின்றான். ஜெரூஷா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு சிக்கில்லாமல் வாரி, நடு வகிடு எடுத்து, நுனிவரை இறுக்கிப் பின்னியிருந்தது. பின்னலின் நுனியில் ரிப்பனுக்குப் பதில் நரைமுடி சுற்றிக் கட்டியிருந்தது.

அவன் அந்தப் பின்னலைப் பார்த்தான். மடியில் விறைத்துக் கிடந்த அவள் கைகளைப் பார்த்தான். நேற்று அந்தக் கையால் ஒரு கரண்டியைப் பிடிக்க முடியவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அவன் நம்பிவிட்டான். அவன் முகத்தில் அதை அவள் கண்டாள். இத்தனை மாதமாக அவள் கேட்டது அது ஒன்றைத்தான். இனி வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று காத்திருந்தாள்.

"என்னங்க," என்றாள். "கதவைத் திறந்தே வச்சிடுங்க."

அவன் டம்ளரைத் தரையில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி, பின்வாங்கியபடியே வெளியே போனான்.

டக்.

சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், கதவு ஒரு சாண் திறந்தது. அவன் கை மட்டும் உள்ளே வந்தது. காபி டம்ளரை வைத்தது. வெளியே போனது. மறுபடி வந்து பக்கத்தில் இன்னொரு டம்ளரை வைத்தது.

தாழ்ப்பாள் விழுந்தது. செருப்போசை தெருவரை போய்த் தேய்ந்தது.

ஜெரூஷா தரையில் இறங்கி, இரண்டு மணிக்கட்டுகளாலும் ஒரு டம்ளரை அணைத்துக் குடித்தாள். கதவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். திறந்தபோது மற்ற டம்ளரும் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், சீப்பு, இனி அவள் முறை என்பதுபோல்.

அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

தோள் வலிக்கவில்லை.